வியாழனுக்கு எத்தனை சொட்டு நீலம்

நான் எடுத்த முதல் வியாழன் படத்தில் நிறமே இல்லை. கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைப் பொட்டு, அவ்வளவுதான். கடம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால், வெளிர் சந்தன நிறத்தில் ஒரு உருண்டை, அதன் மேல் இரண்டு காவிக் கோடுகள், பக்கத்தில் வரிசையாக நான்கு நிலாக்கள். கண்ணை எடுத்துவிட்டு அதே இடத்தில் போனை வைத்தால் வெறும் பொட்டு. சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து போன் பயந்துபோய் வெளிச்சத்தை அள்ளி அள்ளிக் குடித்துவிடுகிறது என்று பிறகுதான் புரிந்தது. பயந்தால் அப்படித்தான், எதையும் அளவாக எடுத்துக்கொள்ள வராது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு வீடு காலி செய்து சாமான் ஏற்றி இறக்கும் வேலை. வெளிநாட்டுக்குப் போன ஒரு குடும்பம் வேண்டாமென்று விட்டுப்போன பொருள்களோடு அந்தத் தொலைநோக்கியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மூன்று கால் ஸ்டாண்டுக்காகத்தான் அவர் அதை வாங்கிக்கொண்டார். போனை அதில் மாட்டி வீடியோ எடுக்கலாமாம். மேலே இருந்த குழாயைக் கழற்றிப் பரணில் போடப் போனார்.

"அத்த இன்னாத்துக்குய்யா கழட்டுற? இன்னா தெரியுதுன்னு ஒரு வாட்டி பாக்கலாம் இரு" என்றேன்.

"பாரு, பாரு. எதுத்தூட்டு மாடிய பாக்காத, வம்பு வரும்."

எதிர்வீட்டு மாடிக்கு மேலே, கிழக்கே, காக்களூர்த் தொழிற்பேட்டையின் வெளிச்சம் வானத்தில் ஆரஞ்சுப் புகையாகப் படர்ந்திருந்தது. அதற்கும் மேலே ஒன்று அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். காக்களூரில், பிளாஸ்டிக்குக்கு நிறம் ஏற்றும் குருணை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் மூட்டை தைத்தேன். ஒரு நாள் லாரியில் ஏறப்போன இரண்டு வாளி மூடிகளைக் காட்டி, "இது ரெண்டும் வேற வேற வெள்ளை" என்று வாய்விட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நிறம் அளக்கும் மிஷினில் வைத்துப் பார்த்தபோது வேறு வேறுதான். மறுவாரம் என்னை நிறம் ஒத்துப் பார்க்கும் ஷேடு ரூமில் உட்காரவைத்தார்கள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க சாம்பல் நிறம். மேஜைமேல் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் மூன்று விதமான விளக்குகள். பகல் வெளிச்சம் போல ஒன்று, கடை டியூப்லைட் போல ஒன்று, பழைய குண்டு பல்பு போல ஒன்று. புதிதாகக் கலந்த குருணையை ஒரு சின்னத் தகடாக உருக்கி வார்த்து, சரக்கு வாங்கும் பார்ட்டி கொடுத்த மாதிரித் தகடோடு ஒட்டிவைத்து, மூன்று வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். சேலைக்கு மேலே சாம்பல் நிறக் கோட்டு போட்டுக்கொள்வேன், இல்லையென்றால் சேலையின் நிறம் தகட்டில் விழும். கையில் மருதாணி வைத்துப் பதினாறு வருஷமாகிறது. நான் "ஓகே" என்று கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு மொத்தமாகக் கலக்கும் மிக்சருக்குப் போகும். மிஷினும் இருக்கிறது, எண்ணாக அடித்துக் கொடுக்கும். ஆனால் வெள்ளை என்று வந்துவிட்டால் மிஷினைவிட என் கண்ணைத்தான் கேட்பார்கள். படித்தவர்கள் வந்து நின்று, "இன்னாக்கா சொல்றீங்க?" என்று என் வாயைப் பார்க்கும் இடம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அந்த ஸ்டூல் போய்விடக் கூடாது என்பது தினமும் காலையில் ரயிலில் ஏறும்போதே எனக்குள் ஏறிக்கொள்ளும் பயம்.

படம் எடுப்பதை நான் போனில் வரும் வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். பேச்செல்லாம் இங்கிலீஷ். பேச்சை விட்டுவிட்டு அவர்களுடைய கையைப் பார்த்தேன். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இழுக்கிறார்கள். நானும் இழுத்தேன். வெள்ளைப் பொட்டு மெல்ல மெல்ல அடங்கி, அதற்குள்ளிருந்து கோடுகள் மேலே வந்தன, குளத்தில் கலங்கல் தெளியும்போது அடியில் படிக்கட்டு தெரிவதுபோல.

போட்டோ எடுக்கக் கூடாது, வீடியோ எடுக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். நமக்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் காற்று ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கிறது. இரண்டு நிமிட வீடியோவில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும், அதில் சிலதில் மட்டும் காற்று ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். கல்யாணமாகிப் போன என் மகள் விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பில் அதற்கென்று ஒரு மென்பொருள் ஏற்றினேன். நல்ல படங்களாகப் பொறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படமாகத் தரும். அது அடுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் சோற்றை வடித்துவிட்டு வருவேன்.

தை மாதத்தில் அந்தி இருட்டியதும் வியாழன் கிழக்கே தாழ்வாக இருந்தது. அப்போது எடுத்த படங்களில் ஒரு ஓரம் சிவப்பாகவும் எதிர் ஓரம் நீலமாகவும் பிசிறடித்தது, அச்சு விலகிப்போன காலண்டர் சாமி படம் போல. தாழ்வாக இருக்கும்போது தடித்த காற்று வழியாக வருவதால் நிறங்கள் பிரிந்துவிடுகின்றனவாம். பொறுத்திருந்தேன். மாசி வந்தபோது ஏழு மணிக்கே அது உச்சிக்கு ஏறியிருந்தது. கழுத்து வலித்தாலும் பிசிறு போய்விட்டது. காற்றும் தொழிற்பேட்டைப் புகையும் கீழேயே தங்கிவிட, அது மட்டும் தனியாக, சுத்தமாக, கழுவி எடுத்துவைத்த மாதிரி மேலே நின்றது.

மாடியில் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கனவு போலத்தான் போகும். அரக்கோணம் ரயில் போகும் சத்தம் எங்கோ தண்ணீருக்கடியில் கேட்கிற மாதிரி இருக்கும். வியாழன் கண்ணாடிக்குள் மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போகும், நான் திருகைத் திருப்பி மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவேன். ஓடுவது அது இல்லை, பூமியும் என் மாடியும்தான் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். அப்போதிலிருந்து கைப்பிடிச் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது.

நிறத்தில்தான் என் தொழில் புத்தி உள்ளே வந்தது. அடுக்கி முடித்த படம் மஞ்சள் தட்டியிருந்தது. கோடுகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளைப் பட்டை வெள்ளையாகவே இல்லை, பழுத்த ஓலை நிறம். வெள்ளை மஞ்சள் தட்டினால் என்ன செய்வது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஷேடு ரூமில் நாங்கள் ஒரு சிட்டிகை நீலம் போடுவோம், வெளுத்த வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற மாதிரி. நீலம் போய் மஞ்சளைத் தின்றுவிடும். லேப்டாப்பிலும் நீலத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருந்தது. அதைக் கொஞ்சம் ஏற்றினேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம். வெள்ளைப் பட்டை மல்லிகைபோல வெளுக்கும்வரை ஏற்றினேன். அந்த இரவு அந்தப் படத்தை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று தெரியாது.

மறுநாள் திருவள்ளூரிலிருந்து காக்களூர் போகும் ஷேர் ஆட்டோவில் பேக்கிங்கில் வேலை செய்யும் பெண்ணிடம் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரிசு.

"இது யாருக்கா?"

"வியாழன். குரு பகவான்."

"போக்கா! குருவுக்கு மஞ்ச வஸ்திரம் சாத்துவாங்க. நீ இன்னா முழுசா நீலத்துல முக்கி வெச்சுக்கிற? இது சனி பகவான் கலரு."

"நீலமா? எங்கடீ நீலம்? வெள்ளையா கீது பாரு."

"எனக்குக் கண்ணு நல்லாதான்க்கா கீது" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் போனை நீட்டினாள். "நீங்க சொல்லுங்க, இது இன்னா கலரு?"

அந்த அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஊதாவா கீதும்மா" என்றார். ஆட்டோவே சிரித்தது. நானும் சிரித்தேன். இறங்கும்வரை அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "குளுருல வெறச்சிப்போன மாதிரி கீதே உன் குரு" என்றார். போனில் ராத்திரியில் கண்ணுக்கு இதமாக இருக்கத் திரையை மஞ்சளாக்கும் ஒரு வசதி இருக்கிறதாம், அது போட்டிருந்தால் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்து நாம் நீலத்தை அதிகம் ஏற்றிவிடுவோம் என்று அவருடைய கூட்டாளி சொன்னாராம். தேடிப் பார்த்தேன், போடவில்லை. லேப்டாப்பிலும் இல்லை. மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சூப்பர்மா, ஆனா கொஞ்சம் ப்ளூ ஜாஸ்தி" என்று பதில் வந்தது.

எனக்குக் கவலை என்பது ஒரு இடத்தில் தொடங்கினால் அந்த இடத்தில் நிற்காது. அன்றைக்குப் படுத்தபடியே எல்லாவற்றையும் பின்னோக்கி எண்ணிப்பார்த்தேன். தீபாவளிக்குப் பிறகு ஷேடு ரூம் பெட்டியில் பகல் விளக்கு மஞ்சளடிக்கிறது, மாற்றுங்கள் என்று இன்சார்ஜ் சாரிடம் நான்தான் கேட்டேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர், கெமிஸ்ட்ரி படித்தவர். மறுநாளே மாற்றினார். புதிய விளக்கும் மஞ்சளடித்தது. அதையும் சொன்னேன். "பாக்கலாம்க்கா" என்றார். அதற்குப் பிறகு வெள்ளைச் சரக்கு வரும்போதெல்லாம் நான் ஒரு சிட்டிகைக்கு ஒன்றரைச் சிட்டிகையாக நீலம் எழுதிக்கொண்டிருந்தேன். விளக்கைக் குறை சொன்னேன், மூலப்பொருளைக் குறை சொன்னேன், மாதிரித் தகடே பழசாகி மஞ்சள் தட்டிவிட்டது என்று அதையும் நம்பவில்லை. என்னை நான் பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து மாடியில் வலது கண்ணில் ஒரு பூச்சி விழுந்தது. எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பேன். கண் கரித்துத் தண்ணீர் கொட்டியது. காற்று நன்றாக அடங்கியிருந்த சாயங்காலம், விட மனசில்லை. இடது கண்ணை வைத்தேன்.

வியாழன் வெள்ளையாக இருந்தது. சுத்த வெள்ளை இல்லை, பால் ஆடை வெள்ளை. கோடுகள் காவியாக இல்லாமல் மெல்லிய சாம்பல் பழுப்பில் ஓடின. கண் சரியானதும் வலதை வைத்தேன். டீயில் நனைத்து எடுத்த மாதிரி. மறுபடி இடது. மறுபடி வலது. அது மேலே ஒரே நிறத்தில், யாரைப் பற்றியும் கவலையில்லாமல் நின்றுகொண்டிருந்தது. இரண்டு வியாழன்கள் என் தலைக்குள்தான் இருந்தன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

கண் புரையாகத்தான் இருக்கும் என்று தெரியும். எங்கள் தெருவில் நாலு பேருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் யாரும் வெள்ளையில் வெள்ளை பிரித்துப் பார்த்துச் சோறு தின்றவர்கள் இல்லை. கண் போனால்கூட மனுஷர்கள் இரக்கப்படுவார்கள், ஷேடு போனால் மூட்டை தைக்க அனுப்புவார்கள். இப்படியே ஓடியது புத்தி.

அதனால் நான் செய்தது இதுதான். ஷேடு ரூமில் வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் மட்டும் தகடு பார்த்தேன். நாலு நாள். ஐந்தாம் நாள் தகடு கொண்டுவந்த பேக்கிங் பெண் கதவருகே நின்றுவிட்டாள், தினமும் பார்த்திருக்கிறாள் போல.

"இன்னாக்கா, யாரப் பாத்து கண்ணடிக்கிற? மாமாவுக்குச் சொல்லட்டா?"

"தூசிடீ."

"நாலு நாளா ஒரே தூசியா? நல்லா ஊடு கட்டிக்கினு குந்திக்கினு கீதா உள்ள?"

நான் சிரிக்கவில்லை. அவளும் சட்டென்று நிறுத்திவிட்டாள். தகட்டை வைத்துவிட்டு, என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மருந்து பாட்டில் மூடிக்கான வெள்ளைச் சரக்கு என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இடது கண் ஓகே என்றது. ஆனால் இடது கண்ணும் எத்தனை நாளைக்கு? அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக டீயில் நனைந்துகொண்டிருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? வலதுக்கு இடது சாட்சி. இடதுக்கு யார் சாட்சி? பேனாவை வைத்துவிட்டு இன்சார்ஜ் சார் மேஜைக்குப் போனேன்.

"சார், எனக்கு வலது கண்ணு மஞ்சளா காட்டுது. கொஞ்ச நாளா நான் எழுதன நீலமெல்லாம் ஜாஸ்தி."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "தெரியும்க்கா" என்றார்.

டிராயரைத் திறந்து என் கையெழுத்துப் போட்ட கார்டுகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் நான் எழுதிய நீலத்துக்குக் கீழே பென்சிலில், சின்னதாக, வேறு எண். மிஷின் அளவைப் பார்த்து அவர் குறைத்துத்தான் மிக்சருக்கு அனுப்பியிருக்கிறார். மூன்று மாதமாக.

"அப்ப நான் போட்ட கையெழுத்தெல்லாம்?"

"கையெழுத்து உங்களுதுதான்க்கா. கலருதான் கொஞ்சம் மாத்தினேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா சார்?"

"எப்படிக்கா சொல்றது? பதினாறு வருஷமா பாக்குற கண்ண, ஆறு வருஷமா பாக்குற நான் தப்புன்றதா? நீங்களே வருவீங்கன்னு இருந்தேன்." இப்போதுதான் என்னைப் பார்த்தார். "போய்க் கண்ணப் பாத்துக்குனு வாங்க. திரும்பி வந்ததும் மிஷின் பேப்பரக் கவுத்து வெச்சு ஒரு டெஸ்ட் வெக்கிறேன். பாஸானா சீட்டு உங்களுது."

"ஆகலன்னா?"

அவர் கார்டுகளை அடுக்கி டிராயரில் வைத்து மூடினார். அந்தச் சமயத்தில் பொய் சொல்லாமல் இருந்ததற்கு நான் அவரிடம் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அன்று ரயிலில் வரும்போது அவர்மேல் கோபம்தான் இருந்தது. மூன்று மாதம் என்னை வைத்து வேலை நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கோட்டு போட்ட பொம்மையாக உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

பங்குனியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கட்டுப் பிரித்தபோது நான் முதலில் பார்த்தது நர்ஸின் கோட்டை. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்ததே இல்லை, ஓரமெல்லாம் நீலம் ஒழுகியது. சுவர் நீலம், பால் நீலம், வீட்டுக்காரரின் நரைத்த மீசைகூட நீலம்.

"ஏம்மே, இன்னா அப்படிப் பாக்குற?"

"உன் மீசைக்குச் சொட்டு நீலம் போட்டுக்கினியா?"

"டாக்டர், என் பொண்டாட்டிக்குக் கண்ணு சரியாப் போச்சு, புத்திதான் பேஜாரா கீது" என்றார் அவர்.

இத்தனை நாள் மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழகிவிட்டதால் அப்படித் தெரியும், போகப்போக மூளை சரி செய்துகொள்ளும் என்று டாக்டர் சொன்னார். எவ்வளவு நாள் என்றதற்கு, ஆளுக்கு ஆள் மாறும் என்றார். எனக்குப் புதிய பயம் பிடித்துக்கொண்டது. நேற்றுவரை எல்லாவற்றிலும் நீலம் சேர்த்தவள், இனி எல்லாவற்றிலும் நீலத்தைக் குறைக்கப் போகிறேன். பார்ட்டிக்குப் போகிற வெள்ளையெல்லாம் பல்லுக் கறை நிறத்தில் போகும்.

டெஸ்டுக்கு ஒன்றரை மாதம் இருந்தது. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு வீட்டில் இருந்த நாட்களில் பழைய வீடியோக்களையே திரும்ப அடுக்கி நிறம் பார்த்தேன். பயந்தபடியே ஆனது. நான் சரியென்று வைத்த படத்தைப் பார்த்து பேக்கிங் பெண், "இப்ப சாமிக்கு டீ ஊத்திட்டியாக்கா" என்று எழுதினாள்.

அப்போதுதான் வீடியோக்காரர்களின் கை இன்னொரு இடத்துக்குப் போவதைக் கவனித்தேன். நிறக் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மூலையில், எந்த நிறம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் மூன்று குன்றுகளைத் திறக்கிறார்கள். சிவப்புக் குன்று, பச்சைக் குன்று, நீலக் குன்று. முதலில் அந்த மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ உட்காரவைத்துவிட்டு, பிறகுதான் கண்ணை நம்புகிறார்கள். நானோ இத்தனை நாளும் கண்ணிலிருந்தே ஆரம்பித்திருந்தேன். குன்றுகளை நகர்த்தி உட்காரவைத்தேன். அதற்குமேல் ஒரு மயிரிழை மட்டும் கண்ணால். நிறத்தை ஏற்றுவதையும் குறைத்துக்கொண்டேன். ஏற்றினால் கல்யாண மண்டப சீரியல் லைட் மாதிரி ஆகிவிடுகிறது.

சித்திரையில் வியாழன் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. டாக்டர் சரி என்றதும் மாடிக்குப் போனேன். ஒரு நாள் வலது கண், ஒரு நாள் இடது கண், ஒவ்வொரு நாளும் ஒரு படம். பேக்கிங் பெண்ணுக்கும் மகளுக்கும் அனுப்புவேன். முதலில் மஞ்சள் என்றார்கள். பிறகு பச்சை அடிக்கிறது என்றார்கள். பிறகு ஒரு நாள் மகள், "அந்த ரெண்டு புள்ளி இன்னாம்மா பக்கத்துல?" என்று கேட்டாள். பேக்கிங் பெண், "கோடு கோணலா கீதேக்கா, தலைய சாய்ச்சிக்கினு எடுத்தியா?" என்றாள். இரண்டு பேருமே நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம்தான். நிறம் சரியாக இருந்தால் யாரும் நிறத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள், வாளியைப் பற்றித்தான் பேசுவார்கள். அந்தப் படத்தில் வியாழன் காய்ச்சிய பாலின் நிறத்தில், மங்கலாக, தூக்கத்தில் இருக்கிற ஒன்றைப் போல மிதந்தது. எனக்கு அது வெளிறிப்போனதாகத் தெரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் விட்டுவிட்டேன்.

டெஸ்டு அன்று வழக்கமான ரயிலுக்கு முந்தின ரயிலிலேயே போய்விட்டேன். சாம்பல் கோட்டு மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சார் பகல் விளக்கைப் போட்டு, மாதிரித் தகட்டை நடுவில் வைத்து, சுற்றி ஆறு வெள்ளைத் தகடுகளைப் பரப்பினார். மிஷின் பேப்பர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"இதுல மாதிரியோட சேர்றது ஒண்ணே ஒண்ணு. எடுங்கக்கா."

ஆறும் முதலில் ஒரே வெள்ளையாக இருந்தன. மூச்சை விட்டுக் காத்திருந்தேன். மெல்ல ஒவ்வொன்றாகப் பிரிந்தன. ஒன்றில் பச்சை எட்டிப் பார்த்தது. இரண்டில் மஞ்சள். ஒன்று சாம்பல். மீதி இரண்டில் ஒன்று கண்ணுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, பளிச்சென்று இருந்தது. அது பிடித்ததனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அதை ஒதுக்கிவிட்டு மற்றதை எடுத்து மாதிரியோடு ஒட்டிவைத்தேன். நடுவே இருந்த கோடு மறைந்தது.

"இது சார்."

அவர் பேப்பரைத் திருப்பி, தகட்டின் பின்னால் இருந்த எண்ணோடு வைத்துப் பார்த்தார். வெளியே கதவருகே பேக்கிங் பெண்ணின் செருப்பு தெரிந்தது. சார் மிக்சருக்குப் போக வேண்டிய கார்டை என் பக்கம் தள்ளி, மேலே பேனாவை வைத்தார்.

கையெழுத்துப் போட்டேன். போட்டு முடித்த அடுத்த நொடி அந்தத் தகட்டை மறுபடி கையில் எடுத்தேன். ஆறில் ஒன்று, குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால்?

"சார், டியூப்லைட்ல ஒரு வாட்டி வெச்சுப் பாத்துடலாமா?"

"பாஸாயிட்டீங்கக்கா."

"இல்ல சார், ஒரே ஒரு வாட்டி."

கதவுக்கு வெளியே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சார் தலையில் அடித்துக்கொண்டு, பெட்டியின் அடுத்த சுவிட்சைப் போட்டார்.